எண்களுக்குக் குடை எதற்கு

எண்கள் மழையில் நனைவதில்லை. வெயிலில் கறுப்பதில்லை, குளிரில் நடுங்குவதில்லை, காற்றடித்தால் உதிர்வதில்லை. ஆகவே எண்களுக்குக் குடை தேவையில்லை. மனித குலம் இதுவரை கண்டறிந்த உண்மைகளில் இதுவே தலையாயது. கண்டறிந்தவர் என் அக்காவின் கணவர். கண்டறிந்த இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

அவரை நான் வீட்டில் மாமா என்றும் கல்லூரியில் சார் என்றும் அழைக்கிறேன். நடுவில் இருக்கும் பஸ் பயணத்தில் என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாததால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கணித விரிவுரையாளர். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'புள்ளி'. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கரும்பலகையில் சாக்பீஸால் ஓங்கி ஒரு குத்துக் குத்தி முற்றுப்புள்ளி வைப்பார். மணி அடிக்கும்போது பலகைக்கு அம்மை போட்டது மாதிரி இருக்கும். அந்தப் பெயரை அவர் காதுபட நான் சொன்னதில்லை. நான் அவர் வீட்டில் சாப்பிடுகிறேன்.

உண்மை பிறக்கக் காரணமாக இருந்தவள் என் அக்கா. பக்கத்துத் தெருப் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியை. ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. கேட்பதற்கு எளிதாகத் தெரியும். ஐந்து வயதுக்காரர்களுக்கு ஐந்துக்குப் பிறகு ஆறுதான் வரவேண்டும் என்பதில் எந்த நியாயமும் தெரிவதில்லை. எட்டைப் பிடித்திருந்தால் எட்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி வெட்டுப்படம். கெட்டி அட்டையில் ஒரு பருவத்தை வரைவாள். மழைக்காலம் என்றால் சிவப்புக் குடை, அதன் கீழே தவளை. வெயில் காலத்துக்கு மஞ்சள் தொப்பி போட்ட பையன், கையில் தர்ப்பூசணி. இலை உதிர் காலத்துக்கு இலைக் குவியலில் பாதி புதைந்த நாய். குளிர்காலத்துக்குக் கம்பளிக் குல்லா போட்ட பூனை. ஒவ்வொரு படத்தையும் மேலிருந்து கீழாகப் பத்துப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதிவிடுவாள். குழந்தைகள் கலைத்துப்போட்டு, வரிசையாக அடுக்கினால் படம் வரும். வெளியே மழை பெய்யும் மாதத்தில் உள்ளே மழைப்படம், குளிர் தொடங்கினால் பூனை.

வரைவது அக்கா. இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டுவதும், விட்ட இடத்தில் வண்ணம் அடிப்பதும் நான். விரலை வெட்டிக்கொள்வதும் நானே.

ஒருநாள் மாலை மாமா வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நான் செய்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள, என்ன பண்றே?"

"தவளைக்குப் பச்சை அடிக்கிறேன் மாமா."

"காலேஜ்ல படிக்கிறவன். மீசை முளைச்சாச்சு. உட்கார்ந்து தவளைக்குப் பச்சை அடிக்கிறே. வெட்கமா இல்ல?"

"வேற கலர் அடிச்சாத்தான் மாமா வெட்கம்."

அவர் என்னை விட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டார். மகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் குண்டூசி. ஆள் இருப்பதே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அவளும் அக்காவின் வகுப்பில்தான் படிக்கிறாள். மாமா ஒரு பழைய காகிதத்தைக் கிழித்து, மழைப்படத்தின் பட்டைகளில் எண்கள் இருக்கும் இடத்தையெல்லாம் சுற்றி மறைத்தார். பிறகு மொத்தத்தையும் கலைத்தார்.

"இப்ப அடுக்கு கண்ணு."

அவருடைய டீ ஆறுவதற்குள் குண்டூசி குடையை விரித்து, தவளையை உட்காரவைத்து, எழுந்து போய்விட்டாள்.

"பார்த்தியா?" என்றார் மாமா, அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த அக்காவிடம். "நம்பரே இல்லாம அடுக்கிட்டா! அவ பார்க்கிறது குடையை. பாதிக் குடை கையில இருந்தா மீதிக் குடையைத் தேடுறா. இது கணக்கு இல்லம்மா. தச்சு வேலை."

"பழகின படம். அடுக்கிட்டா. அதுக்கென்ன இப்ப?"

"எண்ணுக்கு எதுக்கும்மா குடை? எண்ணு மழையில நனையுமா?"

"குழந்தைங்களுக்கு மொதல்ல கையில பிடிக்க ஏதாவது வேணும்ங்க. வெறும் எட்டை எங்க பிடிக்கும்?"

"நான் பிடிச்சேனே."

"நீங்கதான் இன்னும் விடலையே," என்றாள் அக்கா.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவனால் அதை வீட்டுக்குள் பூட்டிவைத்துக்கொள்ள முடியாது. அடுத்த வாரத் தொடக்கத்தில், குண்டூசியைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போன மாமா, வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியையிடம் பேச்சுக் கொடுத்தார். வீடு திரும்பும்போது அவர் முகம் பளபளவென்று இருந்தது.

"உங்க ஸ்கூல்ல என்னை ஜட்ஜா கூப்பிட்டிருக்காங்க."

அக்கா பூனையின் குல்லாவுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். தூரிகை நின்றது. "எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை உன் வகுப்பைப் பார்க்க."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன்."

"முழுசாவா?"

"சேச்சே. சுருக்கமாத்தான். ஒரு அரை மணி நேரம்."

தலைமையாசிரியைக்கு வகுப்பறை என்றால் அமைதி. கோடு போட்ட நோட்டில் ஒன்றிலிருந்து நூறு வரை குழந்தைகள் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்கலாம். வெட்டுப்படத்தை அவர் ஏற்கெனவே சந்தேகக் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஒரு கணித விரிவுரையாளரே, அதுவும் ஆசிரியையின் சொந்தப் புருஷனே, குழந்தைகள் எண்ணைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர் அக்காவை அழைத்துப் பேசினார். வெள்ளிக்கிழமை குழந்தைகளுக்கு எண் வரிசை தெரிகிறதா என்று சாரோடு வந்து பார்ப்பார். தெரியவில்லை என்றால் அடுத்த மாதத்திலிருந்து அந்த வகுப்பு வேறு ஆசிரியைக்கு. அக்கா ஆபீஸ் அறைக்கு. ஆபீஸ் அறையில் டெலிபோன் எடுக்கவும், காணாமல் போன தண்ணீர் பாட்டில்களைச் சொந்தக்காரர்களிடம் சேர்க்கவும் ரொம்ப நாளாக ஆள் தேவைப்பட்டது.

அன்றிலிருந்து அக்கா மாமாவிடம் பேசுவதை நிறுத்தினாள். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்போம்.

"டேய், உங்க மாமாகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு."

"மாமா, டீ ஆறுது."

"கேட்டுச்சு."

"அக்கா, கேட்டுச்சாம்."

"கேட்டா குடிக்கச் சொல்லு."

"மாமா..."

"குடிக்கிறேன்டா!"

பாத்திரம் கழுவும்போது அக்கா என்னிடம் சொன்னாள். "அவர் சொன்னது மொத்தமும் பொய்னா எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். பயம் வந்திருக்காது. பழகின படம்னா பிள்ளைங்க படத்தைப் பார்த்துத்தான் அடுக்குதுங்க. ஆனா நம்பரும் தெரியும்டா அதுங்களுக்கு. எனக்குத் தெரியும். அதை எப்படி அந்தம்மாவுக்குக் காட்டுறது?"

"வேணும்னா பரீட்சை வையேன்."

"பரீட்சைன்னா அந்த ஜன்னல் பையன் வாயே திறக்க மாட்டான்."

அந்தப் பையன் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஜன்னலுக்கு வெளியே மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் அந்தப் பெயர். போன மாதம் முதல்முறையாகத் திரும்பி, இலைக்குவியல் நாயின் மூக்கு இருந்த பட்டையை எடுத்து, "நாலு" என்றானாம். அன்று அக்கா வீட்டுக்கு வந்து அதை எங்கள் எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னாள். பால்காரருக்கும் சொன்னாள்.

"வேற டீச்சர் வந்து நோட்டைக் குடுத்து எழுதச் சொன்னா, மறுபடியும் ஜன்னலுக்கே போயிடுவான்," என்றாள். கையிலிருந்த தட்டை ஏற்கெனவே கழுவியாயிற்று. மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மாமா கெட்டவர் இல்லை. உண்மை சொல்லிவிட்டவர், அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு மனசு கேட்கவில்லை. அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். மறுநாளைக்கு எடுத்துவைத்திருந்த பை கூடத்தில் இருந்தது. அதைக் குண்டூசி ஏற்கெனவே ஒருமுறை கவிழ்த்து விளையாடியிருந்ததால், நான்கு படங்களின் பட்டைகளும் நான்கு உறைகளிலும் கலந்து கிடந்தன. நான் உள்ளே போனபோது மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பட்டைகள். முகத்தில் ஒரு தெளிவு.

"என்ன மாமா?"

"ஒழுங்குபடுத்துறேன். எப்படிக் கலைஞ்சு கிடந்துச்சு தெரியுமா? நாளைக்கு அந்தம்மா முன்னாடி உங்க அக்கா தேடிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். காலையில திறந்து பார்த்து ஆச்சரியப்படட்டும்."

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. தம்பதியருக்குள் நான் எதற்கு என்று வெளியே வந்துவிட்டேன். அவர் பையின் ஜிப்பை மூடி, அதைக் கதவோரம் வைத்தார்.

ஆச்சரியத்துக்குக் குறைவில்லை.

வெள்ளிக்கிழமை சார் பள்ளிக்கு ஜட்ஜாகப் போனதால் கல்லூரியில் எங்களுக்கு வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாததால் பை தூக்க நான் பள்ளிக்குப் போனேன். பதினாறு குழந்தைகள், நான்கு மேஜைகள், மேஜைக்கு நான்கு பேர். மேஜைக்கு ஒரு பருவம் என்பது ஏற்பாடு. தலைமையாசிரியை வாசல் பக்கம் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு பெரிய நாற்காலி இல்லாததால் மாமாவுக்குக் குழந்தை நாற்காலி. முழங்கால் முகவாயைத் தொட, நீதிபதி தீர்ப்புக்குத் தயாராக இருந்தார்.

அக்கா பையைத் திறந்தாள். நான்கு உறைகள் இருக்க வேண்டிய இடத்தில் பத்து உறைகள் இருந்தன.

முதல் உறையின் மேல் அழகாக '1' என்று எழுதி, பக்கத்தில் ஓங்கி ஒரு புள்ளி வைத்திருந்தது. உள்ளே நான்கு பட்டைகள். நான்கு பருவங்களின் முதல் பட்டைகள். இரண்டாவது உறையில் நான்கு இரண்டுகள். அப்படியே பத்து வரை. கணிதம் படித்த மனிதர் முன்னால் நாற்பது பட்டைகளைப் போட்டால், அவர் கண்ணுக்கு மழையும் தெரியவில்லை, நாயும் தெரியவில்லை. நான்கு ஒன்றுகள் தெரிந்தன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு, பெயர் எழுதிவிட்டார்.

அக்கா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் குழந்தை நாற்காலியில் இருந்தபடி, 'எப்படி?' என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

"ஆரம்பிக்கலாமே டீச்சர்," என்றார் தலைமையாசிரியை.

பத்து உறையையும் நான்காகப் பிரித்து அடுக்க அங்கே நேரம் இல்லை. அக்கா உறைகளை ஒருமுறை எண்ணினாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். முதல் மேஜையில் மூன்று உறை, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் இரண்டு, கடைசி மேஜையில் மூன்று என்று அப்படியே வைத்துவிட்டாள்.

குழந்தைகள் பிரித்தார்கள்.

"டீச்சர், எங்களுக்கு எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுதான் வந்திருக்கு!"

"எங்களுக்கு நாலும் அஞ்சும்தான்!"

"எங்ககிட்ட ஒண்ணே இல்ல டீச்சர்! எப்படி ஆரம்பிக்கிறது?"

"அதேதான்," என்றாள் அக்கா. "இன்னைக்கு எல்லாம் கலைஞ்சு போச்சு. ஒவ்வொரு மேஜைக்கும் ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் வேணும். உங்ககிட்ட என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பாருங்க. இல்லாததை அடுத்த மேஜையில கேட்டு மாத்திக்கோங்க. கத்தக் கூடாது."

கடைசி இரண்டு வார்த்தைகள் யார் காதிலும் விழவில்லை. வகுப்பறை முடிந்துபோய், சந்தை ஆரம்பித்துவிட்டது.

"ஆறு இருக்கா, ஆறு?"

"ஆறு இருக்கு. எனக்கு நாலு வேணும்."

"நாலு தர மாட்டேன். அஞ்சு தரேன்."

"அஞ்சு வந்தாச்சு! நாலுதான் இல்ல. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஓட்டையா இருக்கு பாரு!"

இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டிய ஒரு பெண், முதல் மேஜையிலிருந்து ஒரு மூன்றை எடுத்துக்கொண்டு கடைசி மேஜைக்கு ஓடினாள். அங்கே உட்கார்ந்திருந்தவன் ஜன்னல் பையன். எட்டு, ஒன்பது, பத்து என்று பெரிய சரக்கெல்லாம் அவன் மேஜையில்தான் இருந்தது. மற்ற மூன்று பேரும் வாங்க ஓடிவிட, கடையைப் பார்த்துக்கொள்ள இவன் மாட்டிக்கொண்டான்.

"எனக்கு ஒரு பத்து குடு. மூணு தரேன்," என்றாள் ரிப்பன்.

பையன் தன் முன்னால் இருந்த வரிசையைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். மறுபடி வரிசையைப் பார்த்தான்.

"மூணு வந்துடுச்சு," என்றான். "அஞ்சு இல்ல."

"எங்ககிட்டயும் அஞ்சு இல்லையே."

"அவங்ககிட்ட இருக்கு. வாங்கிட்டு வா. அப்பதான் பத்து."

ரிப்பன் ஓடிப்போய் மூன்றைக் கொடுத்து ஐந்தை வாங்கி, ஐந்தைக் கொடுத்துப் பத்தை வாங்கினாள். பையன் வியாபாரத்தில் ருசி கண்டுவிட்டான் போலும். நாற்காலி மேலேயே ஏறி நின்றான். "பத்து! பத்து! யாருக்கு வேணும் பத்து? ஒம்பதும் இருக்கு!"

அக்கா சட்டென்று திரும்பி, கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

முதலில் முடித்தது ரிப்பனின் மேஜை. "முடிஞ்சுடுச்சு!" என்று நான்கு பேரும் கத்தினார்கள். தலைமையாசிரியை எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இலைக்குவியல் நாயின் தலையை ஒட்டிப் பாதிக் கம்பளிக் குல்லா. நாய்க்கு நடுவயிற்றில் தர்ப்பூசணி முளைத்திருந்தது. மஞ்சள் தொப்பியை ஒட்டிப் பூனை மீசை. ஓரத்தில், சம்பந்தமே இல்லாமல், ஒரு பையனின் கை நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன படம்?" என்றார் தலைமையாசிரியை.

"தெரியல மேடம்."

"தப்பா இருக்கே!"

ரிப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டைக்கு ஒரு விரல் வைத்து, அவருக்குப் புரியும்படி நிதானமாக, ஒன்றிலிருந்து பத்து வரை சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"படம்தான் தப்பு. நம்பர் கரெக்ட்."

தலைமையாசிரியை திரும்பி நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி வேறு யாரையும் பார்க்கவில்லை. தன் காலடியில் விழுந்திருந்த ஒரு பட்டையை எப்போதோ எடுத்து, தன்னை அறியாமல் விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

குண்டூசியின் மேஜை இன்னும் முடிக்கவில்லை. வரிசை மட்டும் சரியாக இருந்தால் போதாது, எல்லாம் மழையாகவும் இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரும் அவள் ஏவியபடி மேஜை மேஜையாக அலைந்து மழையைச் சேகரித்திருந்தார்கள். வரிசையில் ஒரே ஒரு இடைவெளி. அவள் எழுந்து, அறை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேராகத் தன் அப்பாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"அப்பா, அதைக் குடுங்க."

"எதைம்மா?"

"ஏழு."

"எந்த ஏழு?"

"ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல வருமே, அந்த ஏழு."

மாமா குழந்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேற ஏழு இருக்காப்பா?"

மாமா இருபது ஆண்டுகளாக எண்களைப் பற்றி மட்டுமே படித்துக்கொண்டிருப்பவர். கேள்விக்கு உரிய மரியாதையோடு யோசித்தார்.

"இல்ல," என்றார்.

"அப்ப குடுங்க. தவளையோட கால் அதுலதான் இருக்கு."

அவர் கையை விரித்துப் பார்த்தார். பட்டை கசங்கியிருந்தது. அதைத் தொடையில் வைத்து நீவி, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

"சார், உங்க அபிப்பிராயம்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

மாமா எழுந்திருக்க முயன்றார். குழந்தை நாற்காலியும் கூடவே எழுந்தது. அதை விடுவித்துக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார். அரை மணி நேரம் பேசப்போகிறார் என்று நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"தெரியுது மேடம்," என்றார். "வரிசை தெரியுது. எது இருக்கு, எது இல்லைன்னும் தெரியுது." இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், கரும்பலகை ஓரமாக நின்ற அக்காவைப் பார்த்தார். "நல்லாவே தெரியுது."

புள்ளி வைக்க அங்கே பலகை கைக்கெட்டவில்லை. காற்றில் விரலால் குத்தினார்.

"இப்படிக் கலைச்சுக் குடுக்கணும்னு யாருக்குத் தோணுச்சு டீச்சர்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "இவர்தான் மேடம் அடுக்கிக் குடுத்தார்."

"சார்!" தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது. "அன்னைக்கு நீங்க வாசல்ல சொன்னப்பவே நினைச்சேன். படத்தைப் பார்த்து அடுக்குதுங்கன்னு சொல்லிட்டு, படத்தையே எடுத்துட்டீங்க பாருங்க!"

"இல்ல மேடம். நான் தப்பா அடுக்கிட்டேன்."

"என்ன ஒரு தன்னடக்கம்!"

"நிஜமாவே தப்பு மேடம். உறைக்கு ஒரு படம்னு எனக்குத் தோணவே இல்ல."

"போதும் சார், போதும்," என்று சிரித்தார் அவர். மாமா தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தன் தவறை ஒப்புக்கொண்டார்; அதை நம்புவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

வகுப்பு அக்காவிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சத்தம் மட்டும் கொஞ்சம் குறையவேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னபோது, பின்னாலிருந்து "ஒம்பது! ஒம்பது!" என்று ஒரு குரல் கேட்டது. ஜன்னல் பையனிடம் சரக்கு இன்னும் மீதி இருந்தது. ஆபீஸ் அறையில் டெலிபோன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா மூன்று டம்ளர் டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் வாயைத் திறந்து தயாராக இருந்தேன்.

"டீ ஆறுதுங்க," என்றாள், நேராக அவரிடம்.

எனக்கு வேலை போய்விட்டது.

மாமா ஒரு வாய் குடித்தார். "ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு நடந்தது வேற. எண்ணுக்குக் குடை தேவையில்லைங்கிற என் கருத்துல மாற்றம் இல்ல."

"சரிங்க."

"தத்துவ ரீதியா சொல்றேன்."

"சரிங்க. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். விடைத்தாள் திருத்துகிறேன், யாரும் தட்டக்கூடாது என்றார். உள்ளேயிருந்து இரும்பு ஸ்கேல் கீழே விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து "ஸ்ஸ்" என்று ஒரு மூச்சும் கேட்டன. விரலை வெட்டிக்கொண்டவனுக்கு அந்த மூச்சு தெரியும். குண்டூசி வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

"குட்டி மாமா, என் நீலப் பென்சிலைக் காணோம்."

"பச்சை இருக்கா?"

"பச்சை ஸ்கூல்ல இருக்கு. நீலம்தான் காணோம்."

திங்கட்கிழமை முதல் வகுப்பு அவருடையது. பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்ற நிரூபணத்தை அவர் எங்களுக்கு ஏற்கெனவே மூன்று முறை நடத்தியிருந்தார். மூன்று முறையும் பலகை நிறையப் புள்ளி விழுந்தது. பகா எண்களுக்கு முடிவில்லாமல் போகட்டும், இந்த வகுப்புக்காவது முடிவு வராதா என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. நிரூபணத்தின் வரிகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். எதற்குப் பிறகு எது என்பதுதான் தெரியாது.

சார் உள்ளே வந்தார். சாக்பீஸை எடுக்கவில்லை. பையிலிருந்து உறைகளை எடுத்து, பெஞ்சுக்கு ஒன்றாக, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துக்கொண்டே போனார்.

"என்னடா இது, ஹால் டிக்கெட்டா?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

உறைக்குள் அட்டைப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் நிரூபணத்தின் ஒரு வரி, சாரின் அழகான கையெழுத்தில், முடிவில் புள்ளியோடு. எண் இல்லை.

"வரிசைப்படுத்துங்க," என்றார் சார். அதோடு ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பெஞ்சு பெஞ்சாகச் சத்தம் கிளம்பியது. "இதுக்கு முன்னாடி அது வரணும்டா." "அது வந்தாத்தானே இதைச் சொல்ல முடியும்?" "அப்ப இது எங்க போகும்?" முதல் வருடத்திலிருந்து பேசாத இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். கணிதத்துக்காக எங்கள் வகுப்பில் ஒருவன் குரலை உயர்த்தி நான் பார்த்தது அன்றுதான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பட்டையைப் பின்பக்கம் திருப்பினேன். சாய்வாகச் சில நீலக் கோடுகள். இன்னொன்றைத் திருப்பினேன். ஒரு வளைந்த கைப்பிடி. எல்லாவற்றையும் திருப்பி, பாதிக்கு மீதியைத் தேடி, தச்சு வேலை பார்த்து அடுக்கினேன். மழை. குடை. குடைக்குக் கீழே நீல நிறத்தில் ஒரு தவளை. அதற்குப் பின்னங்கால் மூன்று இருந்தது.

"பின்பக்கம் பார்த்து அடுக்கக் கூடாது," என்றார் சார், ஜன்னலைப் பார்த்தபடியே.

வெளியே நல்ல வெயில். அவர் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சட்டைப் பையில், சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில், பாதியாகத் தேய்ந்த ஒரு நீலப் பென்சில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.